தோஷக் கட்டத்தில் ஒரு டிக்

அண்ணாச்சி சாப்பிடப் போயிருக்காகக்கா. சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுட்டு நாலரைக்குத்தான் வருவாக. வெயிலுமுத்து அண்ணாச்சிக்கு மத்தியானத் தூக்கம்னா தூக்கம்தான், கோவில்பட்டியே தீப்பிடிச்சாலும் எந்திரிக்க மாட்டாக. நீங்க எட்டயபுரத்துல இருந்து இந்த வெயில்ல வந்திருக்கீக. ஃபேனுக்கு நேரா அந்தச் சேர்ல உக்காருங்க. மாப்பிள்ளை தேட உங்க பொண்ணு விவரத்தை நானே பதிஞ்சு தாரேன்.

உங்களை யாருகிட்ட விவரம் கொடுக்கச் சொல்லி அனுப்பினாக? புஷ்பகலா அக்காகிட்டயா? நினைச்சேன். ஊர்ல அவளுக்குத்தான் நல்ல பேரு. முகத்துக்கு நேரா நானும் அக்கான்னுதான் கூப்பிடுவேன், இல்லாதப்ப அவதான். நல்லவேளை, அவ இன்னிக்கு லீவு. உங்களுக்கு ஏதோ புண்ணியம் இருக்கு. இந்தாங்க ஃபாரம், இந்தாங்க பேனா. நீங்க எழுதிக்கிட்டே இருங்க, நான் பேசிக்கிட்டே இருக்கேன். பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்கிறதே அபூர்வம் இங்க.

அவ ஏன் லீவுன்னு நீங்க கேக்கலையே. அவ மக நித்திலாவைப் பொண்ணு பார்க்க வாறாக, நாலு மணிக்கு, விருதுநகர்ல இருந்து. இது ஆறாவது. காலையில எனக்குப் போன் போட்டா. வல்லி, இதாவது முடியணும், உன் வாயால ஒரு நல்ல வார்த்தை சொல்லுன்னா. எம் பேரு செண்பகவல்லி, இங்க எல்லாருக்கும் வல்லி. முடியும்க்கா, கண்டிப்பா முடியும்க்கான்னு தேனாச் சொன்னேன். முடியாது. முடியாதுன்னு எனக்குத் தெரியும். மூணு நாள் கழிச்சு, பொண்ணு தங்கமா இருக்கு, ஜாதகம்தான் ஒத்துவரலைன்னு போன் வரும். அப்ப ஆறு ஆச்சு. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கும். ஏழு ஆனதும் விட்டுருவேன். நான் ஒண்ணும் ராட்சசி இல்லை பாருங்க. எனக்கு ஏழு, அவளுக்கு ஏழு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

அப்படி முழிக்காதீங்க. ஆதியில இருந்து சொல்றேன். உங்க பொண்ணு விவரத்தை யார் கையில கொடுக்கிறோம்னு நீங்க தெரிஞ்சுக்கிடணும்ல.

எங்க கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நம்பர். நம்பரைத் தட்டினா பேரு, வயசு, படிப்பு, நட்சத்திரம் எல்லாம் வரும். அதுக்குக் கீழ செவ்வாய் தோஷம்னு ஒரு கட்டம். உண்டு, இல்லை, ரெண்டே பதில்தான். அந்த ரெண்டு பதிலைக் காட்டுறதுக்கு நாங்க பட்ட பாடு இருக்கே. மதுரையில இருந்து ஒரு தம்பி வந்துதான் இந்தப் புரோகிராமைப் போட்டுக் கொடுத்தாரு. மொதல்ல தோஷம் இருந்தா ட்ரூ, இல்லைன்னா ஃபால்ஸ்னு இங்கிலீஷ்ல காட்டுச்சு. சாத்தூர்க்காரர் ஒருத்தர் எட்டிப் பார்த்துட்டு, எம்மக ஜாதகம் பொய்யின்னா போட்டிருக்கன்னு சட்டையைப் பிடிக்க வந்துட்டாரு. சரின்னு ஒண்ணு, சைபர்னு மாத்தினோம். இருந்தா ஒண்ணு, இல்லைன்னா சைபர். ஒரு வாத்தியாரம்மா வந்து, என் பிள்ளைக்கு சைபர் போட நீங்க யாருன்னாக. தோஷம் இல்லைங்கிறதுக்குத்தாம்மா சைபர்னா யாரு கேக்கா? பெறகு இருந்தா டிக், இல்லைன்னா பெருக்கல் குறின்னு ஆச்சு. அதுக்கு அண்ணாச்சியே ஒத்துக்கிடலை. மங்கள காரியம் பேசுற இடத்துல திறந்ததும் ஸ்கிரீன் பூரா தப்பு தப்புன்னு காட்டுது, எடுத்துருன்னுட்டாக. கடைசியில நின்னது இதுதான்: தோஷம் இருந்தா டிக், இல்லைன்னா வெறும் கட்டம். எப்படிக் காட்டினாலும் மிஷினுக்கு உள்ளுக்குள்ள எல்லாம் ஒரே கணக்குதானாம். மனுசங்களுக்குத்தான் மாறிப்போகுதுன்னு அந்தத் தம்பி சிரிச்சாரு.

தோஷம் உள்ள பிள்ளைக்கு தோஷம் உள்ள மாப்பிள்ளை, சுத்த ஜாதகத்துக்குச் சுத்த ஜாதகம். மிஷினே பிரிச்சுக் கொடுத்துரும். கட்டத்துல டிக் இருந்தா அந்தப் பொண்ணு பேரு சுத்த ஜாதகக்காரங்க கண்ணுலயே படாது. எவ்வளவு அழகா இருந்தாலும் படாது.

அண்ணாச்சிக்கு ரெண்டு வழக்கம் உண்டு, ரெண்டையும் கேட்டுக்கிடுங்க. ஜாதகத்தை முதல்லயே கொடுக்க மாட்டாக. பொண்ணைப் பார்த்துப் பிடிச்சிருக்குன்னு சொன்னாத்தான் ஜாதக நகல் கை மாறும். முதல்லயே கொடுத்தா ஜோசியர்தான் கல்யாணம் பேசுவாரு, நமக்கு என்ன வேலைம்பாக. இன்னொண்ணு, இங்க வேலை பார்க்கிறவ தன் வீட்டு ஆள் விவரத்தைத் தான் தொடக் கூடாது. நான் புஷ்பகலா வீட்டு விவரத்தைப் பார்க்கணும், அவ என் வீட்டு விவரத்தைப் பார்க்கணும். நல்ல மாப்பிள்ளையை நமக்குன்னு ஒதுக்கிக்கிடக் கூடாதுல்ல, அதுக்கு. அந்த வழக்கத்துலதான் நான் அழிஞ்சேன்.

எனக்கு இருபத்தாறு வயசுல எங்க அப்பா இதே மேசையில உக்காந்து ஃபாரம் எழுதிக் கொடுத்தாரு. அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல செக்கர். முப்பது வருசம். பண்டலைப் பிரிச்சுப் பார்ப்பாரு, குறை இல்லைன்னா சீட்டுல நீல மையில ஒரு டிக். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. பால் வந்தா காலண்டர்ல டிக், கேஸ் வந்தா டிக். எங்க அம்மா உப்பு பார்க்கச் சொல்லிக் குழம்பை நீட்டினா, வாயால சொல்ல மாட்டாரு, விரலால காத்துல ஒரு டிக் போடுவாரு. குறை இல்லைன்னு அர்த்தம். அப்படி ஒரு நிதானமான மனுசன். அவரு எழுதிக் கொடுத்ததை அன்னிக்கு மிஷின்ல பதிஞ்சது புஷ்பகலா. அடுத்த வருசம் எனக்கும் இங்கயே வேலை கிடைச்சுது.

வந்தாகக்கா, வராம இல்லை. ஏழு பேர். ஆறு வருசத்துல ஏழு பேர். ஒவ்வொருத்தரும் வந்து, உக்காந்து, எங்க அம்மா கிண்டின கேசரியைச் சாப்பிட்டு, பொண்ணு பிடிச்சிருக்குன்னு முகம் மலர்ந்து சொல்லிட்டுத்தான் போனாக. மூணாம் நாள், ஜாதகம் ஒத்துவரலைம்பாக. சுத்த ஜாதகமா இருக்கு, எங்க பையனுக்கு தோஷம் இருக்கே, ஆகாதேம்பாக. என் ஜாதகம் சுத்தமா இருக்கிறது ஒரு குத்தமாக்கா? அதை யாரு நம்புவா? ஜாதகம் ஒத்துவரலைன்னா பொண்ணு பிடிக்கலைன்னுதான ஊர் அர்த்தம் பண்ணும்? என் நிறத்தைச் சொன்னாக, என் பல்லைச் சொன்னாக. எங்க அம்மா குங்குமப்பூ வாங்கிட்டு வந்து கொடுத்தா, இருபத்தொன்பது வயசுல. ஏழு பேருமே தோஷக்காரங்களா வாறாகளேன்னு ஒரு நாள் கூட எனக்குத் தோணலை. என் ராசி அப்படின்னு இருந்துட்டேன்.

இதுக்கு நடுவுல கழுகுமலைக்காரர் ஒருத்தர் விவரத்தை நானே பதிஞ்சேன். சங்கரபாண்டியன்னு பேரு. பாலிடெக்னிக்ல வேலை. சுத்த ஜாதகம், என்னைவிட ரெண்டு வயசு மூப்பு. போட்டோவுல ஒரு பக்கமா சிரிச்சிருந்தாரு. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அந்த நம்பரை நான் தினம் ஒரு தடவை திறந்து பார்ப்பேன். மிஷின் என் பேரை அவருக்குக் காட்டும், அவுக அம்மா போன் பண்ணுவாகன்னு ஆறு மாசம் காத்திருந்தேன். வரலை. திருமங்கலத்துப் பொண்ணோட நிச்சயம் ஆச்சு. பத்திரிகை கொடுக்க வந்தவர் என்னைச் சிஸ்டர்னு கூப்பிட்டாரு.

ஏழாவது ஆளும் போன அன்னிக்கு எங்க அப்பா கட்டில்ல சாஞ்சவர்தான். எந்திரிக்கவே இல்லை. என் பிள்ளைகிட்ட என்ன குறைன்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே போனாரு.

அப்பா போன மறு வருசம், ஒரு நாள் புஷ்பகலா காது குத்துக்குன்னு பசுவந்தனை போயிட்டா. நான் மட்டும் இருக்கேன். அண்ணாச்சியும் இல்லை. என்ன தோணுச்சோ, ஆயிரத்து நூத்து நாப்பத்திரெண்டுன்னு என் நம்பரைத் தட்டினேன். என் போட்டோ. என் நட்சத்திரம். அதுக்குக் கீழ, தோஷக் கட்டத்துல டிக்.

ஏழு வருசம் அந்த டிக் அங்க உக்காந்திருக்கு. என்னைத் தப்பான வாசலுக்கு அனுப்பிக்கிட்டே இருந்திருக்கு. சங்கரபாண்டியன் வீட்டுக்கு என் பேரே போகலை. யாரு போட்டா? என் விவரத்தைத் தொட உரிமை உள்ளவ ஒருத்திதான். அவ ஏன் செஞ்சான்னு கேப்பீக. ஏன் செய்ய மாட்டா? நான் வேகமா டைப் பண்ணுவேன், அண்ணாச்சி எல்லார் முன்னாடியும் என்னைச் சொல்லிப் பாராட்டினாக. அவ கருவாட்டுக் குழம்புல உப்பு கம்மின்னு ஒரு தடவை சொல்லிட்டேன். அதெல்லாம் நான் வேலைக்கு வந்த பிறகுதானன்னு கேக்கீகளா? அவ முதல்லயே பதியும்போது போட்டாளோ, பின்னாடி மாத்தினாளோ, அது எனக்கு எதுக்கு? போட்டா. கண் முன்னால டிக் நிக்கும்போது வேற சாட்சி எதுக்குக்கா?

அன்னிக்கே என் கட்டத்துல இருந்து அதை எடுத்துட்டேன். எடுத்து என்ன செய்ய? வயசு முப்பத்துமூணுன்னு காட்டுதே. அதுக்குப் பிறகு ஒரு போன் கூட வரலை. இப்ப முப்பத்தேழு.

நான் சண்டை போடலை. ஒரு வார்த்தை கேக்கலை. கமுக்கமா இருந்தேன். தனக்கு வந்தாத்தான தெரியும் தலைவலியும் காய்ச்சலும். ரெண்டு மாசத்துல அவளே வந்தா, மக ஃபாரத்தோட. நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால வெச்சுக் கும்பிட்டு, வல்லி, உன் கைராசி நல்ல கைராசி, நீயே பதியின்னு நீட்டினா. மூவாயிரத்து நூத்துப் பதினேழு. நித்திலா, இருபத்திரெண்டு வயசு, சுத்த ஜாதகம். அவ பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டு இருக்கும்போதே பேரு, படிப்பு எல்லாம் பதிஞ்சேன். டீ வாங்கிட்டு வாங்கக்கான்னு அனுப்பிட்டு, அந்தக் கட்டத்துல மட்டும் ஒரு டிக் வெச்சேன். ஒரு தட்டு.

முதல் மாப்பிள்ளை போனப்ப, போனாப் போகட்டும்னா. ரெண்டாவதுக்கு கோயிலுக்குப் போனா. மூணாவதுக்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டு வர்றதையே விட்டுட்டா. அஞ்சாவது போனப்ப, இந்தா இந்த இடத்துல, என் தோள்ல சாஞ்சு அழுதா. எம்மககிட்ட என்ன குறை வல்லின்னு கேட்டா. எங்க அப்பா கேட்ட அதே கேள்வி. நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். ஒரு குறையும் இல்லைக்கான்னு சொன்னேன். அன்னிக்கு ராத்திரி நான் நல்லாச் சாப்பிட்டேன்கா, ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு. உப்பைத் தின்னவ தண்ணி குடிக்கணும்.

எழுதியாச்சா? கொடுங்க பார்ப்போம். தேன்மொழி. நல்ல பேரு. பி.எஸ்சி. உத்திரட்டாதி. கையெழுத்து மணிமணியா இருக்கே. அய்யய்யோ, பிள்ளைக்கு தோஷமா? முதல்லயே சொல்லலையே நீங்க.

இல்லையா? பின்ன ஏன்க்கா இந்தச் செவ்வாய் தோஷக் கட்டத்துல டிக் போட்டிருக்கீக?

என்ன சொன்னீக? திருப்பிச் சொல்லுங்க. ஜாதகத்தைப் பார்த்தாச்சு, ஒரு குறையும் இல்லைன்னு டிக் போட்டீகளா. எல்லாரும் அப்படித்தான போடுவாகன்னா கேக்கீக.

இல்லை, ஒண்ணும் இல்லை. கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிடுறேன்.

அப்படிப் போடக் கூடாதுக்கா. இல்லைன்னா சும்மா விட்டுரணும். இந்தாங்க வொய்ட்னர், அது மேல ஒரு சொட்டு வெச்சு ஊதுங்க. நான் அப்படியே பதிஞ்சிருந்தா உங்க பிள்ளை கதி என்னத்துக்கு ஆகும்?

அக்கா, அந்த ஸ்டூலைக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுறீகளா. பீரோ மேல பழைய ஃபாரக் கட்டு இருக்கு. இல்லை, இதுவரைக்கும் எடுத்துப் பார்த்தது இல்லை. ஸ்கிரீன்லதான் தெரியுதே, காகிதத்தை எதுக்குப் பார்க்கணும்னு இருந்துட்டேன். சும்மா பார்ப்போம். ஒண்ணும் இருக்காது. தூசி விழுது, கண்ணை மூடிக்கிடுங்க. ஆயிரத்து நூறு. நூத்து முப்பது. நாப்பத்தொண்ணு.

இதுதான். எங்க அப்பா கையெழுத்து. நீல மை.

இந்த வாலைப் பாருங்கக்கா. மேல ஏறிப்போய் லேசா வளையுது பாருங்க. பண்டல் சீட்டுல போடுற அதே டிக். குறை இல்லைன்னு போட்டிருக்காரு. என் பிள்ளையைப் பிரிச்சுப் பார்த்துட்டேன், குறை இல்லைன்னு. நல்லவேளை, செத்துப்போனாரு. இதை அவரு பார்த்திருந்தா என்ன ஆகியிருப்பாரு.

ஆனா புஷ்பகலா கேட்டிருக்கலாம்லக்கா? நான் இப்ப உங்ககிட்ட கேக்கலையா? அய்யா, பிள்ளைக்கு தோஷமான்னு ஒரு வார்த்தை. அதைக் கேக்க வாய் வலிச்சுதா அவளுக்கு? காகிதத்துல டிக் இருந்தா மிஷின்லயும் டிக்கா, இது என்ன வேலை? கேக்காமப் பதிஞ்சது தப்புத்தான. அப்ப அவ மேலயும் தப்பு இருக்கில்ல. சொல்லுங்க. தலையாவது ஆட்டுங்க.

"அந்தப் பொண்ணு என்னம்மா செஞ்சுது?"

நித்திலாவைக் கேக்கீகளா. அவ ஒண்ணும் செய்யலைதான். போன தீபாவளிக்கு எனக்கு மருதாணி வெச்சு விட்டா. வல்லி சித்தி, உங்க கையில நல்லாச் சிவக்குதுன்னா. நான் அந்தப் பிள்ளையைச் சொல்லலை. அது அவ வயித்துல பிறந்தது என் தப்பா?

சரி. இந்தா, திறந்துட்டேன். மூவாயிரத்து நூத்துப் பதினேழு. பாருங்க, உங்க கண் முன்னாலயே டிக்கை எடுத்துட்டேன். வெறும் கட்டம் ஆயிருச்சு. மாற்றத்தைச் சேமிக்கவா, ஆம், இல்லைன்னு கேக்குது. இந்த ரெண்டை விட்டா இதுக்கு வேற ஒண்ணும் கேக்கத் தெரியாது.

போன் பண்ணணுமா? புஷ்பகலாவுக்கா? என்னன்னு சொல்ல? நாலு வருசமா உம்மக கட்டத்துல டிக் வெச்சது நான்தான், விருதுநகர்க்காரங்க தோஷக்காரங்க, அவுகளைத் திரும்பிப் போகச் சொல்லுன்னா? அவ இந்நேரம் கேசரி கிண்டி இறக்கியிருப்பா. அந்தப் பிள்ளைக்குத் தலை பின்னிக்கிட்டு இருப்பா. மணி இப்ப மூணு பத்து. இப்பச் சொன்னா நிறுத்திரலாம்தான். நிறுத்தலாம்.

எங்க அம்மா ஏழு தடவை கிண்டினாக்கா. நிறுத்தச் சொல்லி யாரும் போன் பண்ணலை.

அவுக வரட்டும், பார்க்கட்டும், போகட்டும். நான் ஆறோட நிறுத்திக்கிடுறேன். ஏழாவதை அவளுக்கு விட்டுக் கொடுத்துட்டேன். எங்க அப்பா மாதிரிதான் எனக்கும், இளகின மனசு. நாலு மணி ஆனதும் ஆம்னு அமுக்கிருவேன், நீங்களே இருந்து பார்த்துட்டுப் போங்க. அதுவரைக்கும் ஸ்கிரீன் அப்படியே நிக்கட்டும்.

உங்க ஃபாரம் காய்ஞ்சிருச்சா? அந்த வொய்ட்னர் குப்பியை இப்படிக் கொடுங்க. எங்க அப்பா ஃபாரத்துலயும் ஒரு சொட்டு வெக்கணும். நாளைக்கு யாராவது எடுத்துப் பார்த்தா, பழி அவரு மேல வந்துரக் கூடாது பாருங்க.